மாம்பழத்துக்கு எத்தனை தட்டு?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 7 மாதம். வாற தை மாதம் 5 முடியும், வாற வருஷம் தரம் 1. முன்பள்ளியில் தவணைக்கு ஒருமுறை அட்டை காட்டி எழுத்துக் கேட்டுப் புள்ளி போடுகிறார்கள். 30 எழுத்தில் 13 சொன்னானாம். '43 புள்ளி, விருத்தி தேவை' என்று அறிக்கை வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே முன்பள்ளிதான். மாசியில் 5 முடிந்தவள், பேப்பர் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். கனடாவில் இருக்கிற தங்கச்சி தன் மகளின் பள்ளிக்கூடத்தில் செய்கிற வாசிப்புச் சோதனைத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதைத் தமிழாக்கிச் செய்து பார்த்தேன். 'பந்து' என்ற சொல்லின் முதல் சத்தம் என்ன என்று கேட்டால் 'ப' என்கிறான், 'ப்' என்று வருகுதே இல்லை. 'க்-அ-ல்' என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பின்தங்கிவிட்டானா? ரியூசன் விடவா? இவர் 'பேசாமல் விடு' என்கிறார். வீட்டில் நானே சரியாகப் பார்க்க வழி இருக்கிறதா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது மகனின் அந்தச் சிரிப்பு. 'க்-அ-ல்' என்று அவனிடம் சொன்னபோது உங்கள் வாயில் என்ன வந்திருக்கும் என்று ஒருக்கால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'இக், அ, இல்.' மெய்யெழுத்தைத் தனியே சொல்ல நாங்கள் எல்லாரும் பழகியது அப்படித்தான், முன்னால் ஓர் இகரம் போட்டு. அவன் காதில் விழுந்தது 'இக்கஇல்'. அப்படி ஒரு சாமான் உங்கள் வீட்டிலும் இல்லை, வளவிலும் இல்லை. பிள்ளை சிரிக்காமல் என்ன செய்வான்?

பந்தும் இதே கதைதான். 'ப' என்றது சரியான விடை. தமிழில் 'ப' ஓர் உரு, ஓர் எழுத்து. அதற்குள் பகர மெய்யும் அகர உயிரும் ஒளிந்திருப்பது பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு படிக்கிற சங்கதி. மெய் என்றால் உடம்பு. உயிர் சேராமல் அது எழும்பி நடக்காது என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. தமிழ்ச் சொல் எதுவும் தனி மெய்யில் தொடங்குவதும் இல்லை. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் தனி ஒலிகளைக் குறிக்க வந்தவை. அங்கே வாசிக்கப் பழகும் பிள்ளைக்குச் சொல்லின் முதல் ஒலியைப் பிய்த்தெடுக்கத் தெரியவேண்டும். அதனால் உங்கள் தங்கச்சியின் மகளிடம் அதைக் கேட்கிறார்கள். அங்கே அது நல்ல கேள்வி. நீங்கள் சொற்களைத் தமிழாக்கினீர்கள், கேள்வி ஆங்கிலமாகவே இருந்துவிட்டது.

அந்தப் பிள்ளைகளுக்கும் அது லேசான காரியமில்லை. 1974 இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் சின்னப் பிள்ளைகளின் கையில் ஒரு மரக்குச்சியைக் கொடுத்து, சொல்லைக் கேட்டு மேசையில் தட்டச் சொன்னார்கள். சிலருக்கு அசைக்கு (தக்-கா-ளி என்று வாய் தானாகப் பிரிக்கிற துண்டுக்கு) ஒரு தட்டு, சிலருக்குத் தனி ஒலிக்கு ஒரு தட்டு. 4 வயதுக்காரரில் 46 சதவீதத்தினர் அசையைச் சரியாகத் தட்டினார்கள். தனி ஒலியைத் தட்டியவர் ஒருவரும் இல்லை. முதலாம் வகுப்பு முடியும்போது அசையில் 90 சதவீதம், ஒலியில் 70 சதவீதம். இடையில் நடந்தது என்ன? வாசிக்கப் படித்தார்கள். தனி ஒலியைக் கேட்கும் காது பெரும்பாலும் வாசிப்போடு சேர்ந்தே வளர்கிறது.

எங்கள் எழுத்துக்கு இன்னும் நெருக்கமான ஆள் கன்னடம். அங்கேயும் உயிரும் மெய்யும் ஒட்டித்தான் எழுத்து. சோனாலி நாக் என்ற ஆய்வாளர் கன்னடப் பிள்ளைகளைப் பார்த்து 2007 இல் எழுதியதன் சாரம் இதுதான்: எழுத்து முழுவதும் கைக்கு வர ஆரம்ப வகுப்புகளில் பல வருடம் எடுக்கும், அசையைப் பிரிக்கும் திறமை முதலில் வரும், தனி ஒலியைப் பிரிப்பது பிந்தி, மெல்ல மெல்ல வரும். 247 எழுத்துள்ள மொழியில் 4 வயது 7 மாதத்தில் 13 என்பதைக் கேட்டு நான் பதறமாட்டேன்.

இனிப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அவளுக்கு இந்த மாசியில் 5 முடிந்தது, இவனுக்கு வாற தையில் முடியும். 11 மாதம். ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியானவர்களைத் தரம் 1 இல் எடுக்கிற சட்டத்தால் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அவள் மூத்தவர்களில் ஒருத்தி, இவன் கடைக்குட்டி. இந்த வயதில் 11 மாதம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உங்களையும் உங்களைவிட ஏழு வயது மூத்தவரையும் ஒரே அட்டையை வைத்து அளந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மேசையையும் பென்சிலையும் தாளையும் ஒதுக்கி வையுங்கள். மத்தியானம் மரக்கறி வெட்டும்போது அவனைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றின் பெயரையும் கைதட்டிச் சொல்லுங்கள். கத்-த-ரிக்-காய், நாலு தட்டு. தக்-கா-ளி, மூன்று. முதல் இரண்டு மூன்று சொல்லை நீங்கள் தட்டிக் காட்டுங்கள், பிறகு அவன் தட்டட்டும். (இது செய்யுளில் வரும் நேரசை நிரையசை இல்லை, நாக்குத் தானாகப் பிரிக்கிற துண்டு. பண்டிதர்கள் என்னோடு கோபிக்கவேண்டாம்.) பத்துச் சொல்லில் ஆறு ஏழு சரியாக வந்தால் அவன் காது வாசிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டு வருகிறது. வராவிட்டாலும் இரண்டு கிழமை விளையாடிவிட்டுத்தான் முடிவு சொல்லவேண்டும். ஒருமுறையும் தட்டிப் பழகாத பிள்ளையிடம் திடீரென்று கேட்டால் விளையாட்டு விளங்கவில்லையா, சொல் பிரிபடவில்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்தத் தட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வடமராட்சியில் ஒரு முன்பள்ளிக்குப் போயிருந்த நாள், ரீச்சர் 'மாம்பழம்' சொன்னார். வட்டமாக இருந்த பிள்ளைகள் மாம்-ப-ழம் என்று மூன்று தட்டினார்கள். ஒரு சின்னவள் மட்டும் ஐந்து தட்டினாள். ரீச்சர் "பிழை குஞ்சு, திருப்பித் தட்டுங்கோ" என்றார். திருப்பியும் ஐந்து. நான் கிட்டப் போய் இருந்து, எப்படி ஐந்து என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்: "மா, இம், ப, ழ, இம். இம்முக்கும் தட்டவேணும் தானே?" அவள் வீட்டில் அக்காவின் புத்தகத்தைப் பார்த்து எழுத்துப் படித்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் காதால் தட்ட, அவள் மனக்கண்ணில் எழுத்தைப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். புள்ளித்தாளில் அவளுக்கு விழுந்தது பூச்சியம். அந்த வகுப்பிலேயே வாசிப்புக்கு மிகக் கிட்ட நின்றவள் அவள்தான். அன்றையிலிருந்து நான் பயிற்சி கொடுக்கும் ஆசிரியைகளிடம் சரி பிழை போடுவதற்கு முதல் "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்வேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அடுத்தது, அச்சு என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரியுமா என்பது. நியூசிலாந்தில் மேரி கிளே இதற்கென்றே 1972 இல் ஒரு சின்னப் புத்தகம் செய்தார். உள்ளே சில படம் தலைகீழாக இருக்கும், சில வரி இடம் மாறி இருக்கும். பிள்ளை கவனிக்கிறதா, எங்கே விரல் வைக்கிறது என்று பார்த்துக் குறிப்பார். உங்களுக்கு அந்தப் புத்தகம் தேவையில்லை. வீட்டில் உள்ள கதைப்புத்தகம் ஒன்றைத் தலைகீழாக, பின்னட்டை மேலே தெரிய அவன் கையில் கொடுங்கள். திருப்பிப் பிடிக்கிறானா? "அம்மா எங்கையிருந்து வாசிக்கவேணும்? விரலால காட்டுங்கோ" என்றால் படத்தைக் காட்டுகிறானா, எழுத்தைக் காட்டுகிறானா? வரி முடிந்ததும் விரல் எங்கே போகிறது? இவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

புத்தகம்தான் வேண்டும் என்றும் இல்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு முன்பள்ளி மதிலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு முன்னால் நாலு வயதுப் பெடியன் ஒருவன் நின்று, இடமிருந்து வலமாக விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தான்: "இந்தத் தாத்தா செத்துப்போனார். எல்லாரும் வாங்கோ. சாப்பாடு இருக்கு." ஓர் எழுத்தும் அவனுக்குத் தெரியாது. ஆனால் கறுப்புக் கோடுகள் ஏதோ சொல்கின்றன, படத்தில் உள்ளவரைப் பற்றிச் சொல்கின்றன, ஊருக்குச் சொல்கின்றன என்பதெல்லாம் தெரியும். அட்டை காட்டிக் கேட்கும் சோதனையில் இவனுக்கும் ஒன்றும் விழுந்திராது.

எழுத்துக்கு வருவோம். கேட்கலாம், கேட்கிற விதம்தான் முக்கியம். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகச் சொல்வது பாட்டு. 'ஒ' வைத் தனியே காட்டினால் சில பிள்ளைகள் கண்ணை மேலே உருட்டி, வாய்க்குள் அகரத்தில் இருந்து ஓடி வந்து, 'ஒ' வில் நிற்பார்கள். அவர்களுக்குப் பாட்டுத் தெரியும், எழுத்து இன்னும் தெரியாது. ஆகவே கலைத்துக் கேளுங்கள். முதலில் அவன் பெயரில் உள்ள எழுத்துகள், பிறகு வீட்டாரின் பெயர்கள். எந்தப் பிள்ளைக்கும் முதலில் ஒட்டுவது தன் பெயர்தான். எதை எதோடு மாற்றுகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ன, ண மாறினால் கவலை வேண்டாம், எங்கள் வாயிலேயே அவை கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. ழ, ள வைப் பற்றிப் பேசாமலே விடுகிறேன். எ, ஏ மாறுவதும் இந்த வயதில் சாதாரணம். அந்தக் கீழ்க்கோடு வந்ததே வீரமாமுனிவர் காலத்தில் என்பார்கள். அதற்கு முதல் குறிலுக்குப் புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் அந்தப் புள்ளியையும் பல நேரம் விட்டுவிடுவார்கள், பெரிய பெரிய வித்துவான்களே இடம் பார்த்து ஊகித்துத்தான் வாசித்தார்கள். கெ, கொ மாதிரி ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிற உயிர்மெய்களை இப்போது கேட்கவே வேண்டாம்.

நான் மிகப் பெரிதாக நினைப்பதை முன்பள்ளி அறிக்கைகள் ஒருபோதும் கேட்பதில்லை. 1986 இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், பெருக்கல், கேட்டு விளங்கும் திறன். எந்தப் பக்கம் பூச்சியமானாலும் விடை பூச்சியம். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டாவது பக்கத்தில் ஒரு மேலதிகப் படி இருக்கிறது. நாங்கள் கதைக்கிற தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. வீட்டில் "காகத்துக்குத் தண்ணி விடாய்ச்சுது", புத்தகத்தில் "காகம் தாகத்தால் வாடியது". எழுத்துக் கூட்டி 'தா-க-த்-தா-ல்' என்று பிழையில்லாமல் வாசித்துவிட்டு, அது என்ன என்று தெரியாமல் முழிக்கிற தரம் 2 பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். காகம் தாகமா, தாகம் காகமா என்று ஒருவன் என்னிடமே கேட்டான்.

ஆகவே இதைச் செய்து பாருங்கள். அவனுக்குத் தெரியாத ஒரு சின்னக் கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, பேச்சுத்தமிழுக்கு மாற்றாமல் வாசியுங்கள். நாலு ஐந்து வரி போதும். பிறகு, "அம்மம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்காட்டுங்கோ ராசா" என்று அனுப்பிவிட்டுத் தள்ளி நின்று கேளுங்கள். (அம்மம்மாவுக்கு ஏற்கெனவே கதை தெரியும் என்று அவனுக்குத் தெரியக்கூடாது, நீங்களே திருப்பிக் கேட்டால், "இப்ப நீங்கள் தானே வாசிச்சனீங்கள்?" என்று மடக்கிவிடுவான்.) யார் வந்தார், என்ன நடந்தது, ஏன், கடைசியில் என்ன ஆனது: இந்த நாலும் தன் பேச்சில் ஏறத்தாழ ஒழுங்காக வந்தால், அந்த 43 ஐ மறந்துவிடலாம். வராவிட்டால் அதற்கு மருந்து எழுத்து அட்டை இல்லை. தினமும் படுக்கப் போவதற்கு முதல், பத்து நிமிடம் வாசித்துக் காட்டுவது, இடையில் நிறுத்தி "இனி என்ன நடக்கும்?" என்று கேட்பது. புத்தகம் வாங்கிக் கட்டாது என்றால் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனே தெரிவு செய்யட்டும்.

இதெல்லாம் ஒரே நாளில் செய்கிற வேலை இல்லை. ஒரு கொப்பியில் திகதி போட்டு, அவன் செய்ததையும் சொன்னதையும் அப்படியே எழுதுங்கள். புள்ளி போடாதீர்கள். முன்பள்ளியால் வந்து களைத்திருக்கும் நேரத்தில் கேட்காதீர்கள், கொட்டாவி விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

முன்பள்ளி அறிக்கையைப் பற்றி ரீச்சரோடு கதையுங்கள், சண்டைக்குப் போகாமல். "ரீச்சர், எந்த 13 எழுத்துச் சொன்னவன்? வரிசையாய்க் கேட்டனீங்களா, கலைச்சுக் கேட்டனீங்களா? தனியக் கேட்டனீங்களா, எல்லாருக்கும் முன்னால எழுப்பிக் கேட்டனீங்களா?" கடைசிக் கேள்வியின் விடையில் பாதி விஷயம் வெளிக்கும். கூச்சப்படுகிற பிள்ளை தெரிந்ததையும் சொல்லாது. ரீச்சர்மாரில் மட்டும் பிழை சொல்ல நான் ஆயத்தமில்லை. குறைந்த சம்பளத்தில் இருபது முப்பது பிள்ளைகளை மேய்க்கிறார்கள். அறிக்கையில் புள்ளி இல்லாவிட்டால் "இங்க ஒண்டும் படிப்பிக்கிறேல்லை" என்று பிள்ளையை அடுத்த முன்பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் பெற்றோர்தான். தரம் 5 புலமைப்பரிசிலின் நிழல் இப்போது மூன்று வயதுவரை நீண்டு கிடக்கிறது.

ரியூசன் வேண்டாம். தரம் 1, எழுத்துத் தெரிந்த பிள்ளை வரும் என்று எதிர்பார்த்து அமைத்த வகுப்பில்லை. முதல் இரண்டு வருடமும் விளையாட்டு, செயற்பாடு, அதன்பின் எழுத்துவேலை என்றுதான் பாடத்திட்டமே போகிறது. பின்னேரம் ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து 'அ' வை நாற்பது தரம் எழுதிய பிள்ளை, தரம் 1 இல் புத்தகத்தைக் கண்டால் முகம் திருப்பும்.

ஆனால் 'பேசாமல் விடு' என்ற உங்கள் வீட்டுக்காரரோடும் நான் முழுக்க உடன்படவில்லை. சில சங்கதிகளைச் சும்மா விடக்கூடாது. ரீவிச் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா, கூப்பிட்டால் இரண்டு மூன்று தரம் கூப்பிடவேண்டி இருக்கிறதா, அடிக்கடி தடிமனும் காது நோவும் வருகிறதா? காதுக்குள் நீர் கட்டினால் மெல்லிய ஒலிகள் மங்கிவிடும், பிள்ளை சோம்பேறி மாதிரித் தெரியும். அவன் கதைப்பது பிறத்தியாருக்கு விளங்குகிறதா? "அறைக்குள்ள போய்ச் சீப்பை எடுத்து அப்பாவிட்டைக் குடுங்கோ" என்றால் இரண்டையும் செய்கிறானா? உங்கள் பக்கத்திலோ அவர் பக்கத்திலோ வாசிக்கக் கஷ்டப்பட்டுப் படிப்பை விட்டவர்கள் இருக்கிறார்களா? இது வம்சத்தில் வரக்கூடியது. ஆனால் 4 வயதில் யாரும் 'டிஸ்லெக்சியா' (வாசிப்புக் குறைபாடு) என்ற பெயரைச் சூட்ட முடியாது, கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கலாம், அவ்வளவுதான். இவற்றில் ஏதாவது 'ஓம்' என்று பட்டால் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டையும் கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். காது, கண், பேச்சு எதைப் பார்க்கவேண்டும் என்று பார்த்து அனுப்புவார்கள். மழைகாலத் தடிமன் தொடங்குவதற்கு முதல் செய்தால் நல்லது.

கனடாவில் இருக்கிற உங்கள் தங்கச்சியின் தாளை அழிக்கவேண்டாம். அவளின் மகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க விருப்பம் என்றால் கத்தரிக்காய் தட்டுவதை இங்கிருந்து அனுப்புங்கள். உங்கள் கொப்பியை மூன்று மாதம் எழுதுங்கள், கார்த்திகையில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். மாம்பழத்துக்கு அவன் எத்தனை தட்டினான் என்பதையும், ஏன் என்று கேட்டபோது என்ன சொன்னான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.